பழைய உழவு இயந்திரங்களில் எஞ்சின் எண்ணெய் வடிகட்டியைக் கண்டறிதலும் மாற்றுதலும்

உழவு இயந்திரத்தின் எஞ்சினிலுள்ள எண்ணெயைக் காலந்தோறும் மாற்றுதல் வேண்டுமென்பதை அறியாத கமக்காரர் மிகச் சிலரே. ஆயின், எண்ணெயை மாற்றும்பொழுது வடிகட்டியையும் மாற்றுவோர் அத்துணைப் பலரல்லர். இதற்குக் காரணம் எளிது. அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெயின் கருமை கண்ணுக்குத் தெரிகின்றது. வடிகட்டியோ எஞ்சினின் பக்கத்தில் தாழ்வான ஓரிடத்தில், சேறும் பழைய எண்ணெயும் படிந்து, எஞ்சினின் ஓர் உறுப்பே போல ஒளிந்திருக்கின்றது. மூன்றாம் கையாகவோ நான்காம் கையாகவோ வாங்கப்பட்ட இயந்திரமாயின், அதனுடன் வந்த கைந்நூலும் எப்பொழுதோ தொலைந்திருக்கும். வடிகட்டி எங்குள்ளது, எவ்வகையினது, கடைசியாக எப்பொழுது மாற்றப்பட்டது என்பன உரியவருக்கே தெரியாமலிருத்தல் வியப்பன்று.

அத்தகைய பழைய இயந்திரத்தை வைத்திருப்போருக்காகவே இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுகின்றது. எமது வயல்களில் நெடுங்காலமாக உழைத்துவரும் மசி பேர்குசன் 35, 135 ஆகிய இயந்திரங்கள் இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. பிற இயந்திரங்களை உடையோருக்கும் முறை பெரும்பாலும் இதுவேயாகும்.

வடிகட்டி அடைபட்டால் நிகழ்வது

எஞ்சின் எண்ணெய் உராய்வைக் குறைப்பதுடன் நில்லாது, சூட்டைக் கடத்தியும், டீசல் எரிவதால் உண்டாகும் கரியையும் தேய்ந்த உலோகத் துகள்களையும் தன்னுடன் சுமந்தும் செல்கின்றது. அடித்தொட்டியிலிருந்து பம்பியால் உறிஞ்சப்படும் எண்ணெய், முதலில் வடிகட்டியின் மடிப்புத் தாளினூடாகத் தள்ளப்பட்டு, அதன் பின்னரே கிராங்குத் தண்டின் போதிகைகளை அடைகின்றது. பெயரிங் எனக் கராச்சுகளில் வழங்கும் இப்போதிகைகளுக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு மாத்திரமே. அவ்விடைவெளியில் மணற்றூள் ஒன்று புகுந்தால் அது தங்கி அறுக்கும்.

தாள் அழுக்கால் அடைபட்டதும் எஞ்சின் நின்றுவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு நிற்பதில்லை. எண்ணெயே இல்லாமல் போதிகைகள் எரிந்துபோவதைத் தடுப்பதற்காக, இவ்வமைப்பில் ஒரு மாற்றுவழி வால்வு வைக்கப்பட்டுள்ளது. தாள் அடைபட்டதும் அவ்வால்வு திறந்து, எண்ணெயை வடிகட்டாமலே உள்ளே விடுகின்றது. அமுக்கமானியின் முள் வழக்கமான இடத்திலேயே நிற்கும், புகையில் மாற்றமிராது, உழவும் நடைபெறும். அழுக்கெண்ணெய் மாத்திரம் போதிகைகளை நாளுக்கு நாள் தின்றுகொண்டிருக்கும். எஞ்சின் எவ்வித முன்னறிவித்தலும் தருவதில்லை என்பதனாலேயே, வடிகட்டியை மாற்றுவதற்குக் குறைபாடு தோன்றும்வரை காத்திருத்தல் ஆகாது. கிராங்குத் தண்டைக் கடைந்து புதிய போதிகைகள் இடுவதற்கு ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்கு வேண்டிய வடிகட்டிகளை வாங்கலாம். அச்செலவிலும் பெரிது, விதைப்புக்கு ஈரம் பதமாயிருக்கும் கிழமையில் இயந்திரம் கராச்சிற் கிடப்பதால் வரும் நட்டமாகும்.

வடிகட்டியை இனங்காணல்

பழைய உழவு இயந்திரமொன்றில் வடிகட்டி எனப் பெயர்கொண்டவை ஒன்றுக்கு மேற்பட்டுள்ளன. எஞ்சின் எண்ணெய் வடிகட்டியென எண்ணி டீசல் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, பின்னர் குழாய்களிற் காற்றுப் புகுந்து எஞ்சின் கிளம்பாமல் அல்லற்படுவோரும் உளர். ஆகையால் ஒன்றையேனும் கழற்றுமுன் இவற்றை வேறுபடுத்தி அறிதல் அவசியம்.

டீசல் வடிகட்டி உயரத்தில் இருக்கும். டீசல் தாங்கியிலிருந்து வரும் ஒடுங்கிய குழாய் அதனுட் சென்று, மற்றொரு ஒடுங்கிய குழாய் அதிலிருந்து புறப்பட்டு டீசல் பம்பியை அடையும். அடியிற் கண்ணாடிக் கிண்ணமோ உலோகக் கிண்ணமோ காணப்படலாம். சில இயந்திரங்களில் இத்தகையன இரண்டு அருகருகே இருக்கும். குழாயை விரலாற் பின்தொடர்ந்து சென்றால் ஐயம் நீங்கும்.

காற்று வடிகட்டி பெரிய குடம் போன்றது. எஞ்சினுக்குட் காற்றை விடும் பருத்த குழாயுடன் இணைந்திருக்கும். பழைய இயந்திரங்களில் இதன் அடிக்கிண்ணத்திலும் எண்ணெய் உண்டு. அவ்வெண்ணெய் தூசியைப் பிடிப்பதற்காகவேயன்றி எஞ்சினின் எண்ணெயுடன் அதற்குத் தொடர்பில்லை. பின்புறப் பல்லிணைப் பெட்டிக்கும் கலப்பையை உயர்த்தும் அமைப்புக்கும் உரிய எண்ணெயும் வேறானது. அதன் வடி உள்ளே மறைந்துள்ளது.

எஞ்சின் எண்ணெய் வடிகட்டியோ, எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலின் பக்கத்தில், அடித்தொட்டிக்குச் சற்று மேலே, ஒரு தலைப்பகுதியுடன் சேர்த்து நேரே பொருத்தப்பட்டிருக்கும். ஒடுங்கிய டீசல் குழாய்கள் அதனுடன் இணைந்திரா. கைக்கடக்கமான தகரப்பேணி அளவில், தலைகீழாகத் தொங்கும் நிலையிலோ சரிந்த நிலையிலோ காணப்படும். இயந்திரத்தின் இருபக்கமும் சென்று, முன்னச்சுக்கும் மிதிபலகைக்கும் இடைப்பட்ட பகுதியைக் குனிந்து பார்த்தல் வேண்டும். சேறு தடித்துப் படிந்திருப்பின், ஒரு தூரிகையும் சிறிது டீசலுங்கொண்டு கழுவினால் அதன் உருவம் வெளிப்படும். எப்படியும் கழற்றுமுன் அவ்விடத்தைக் கழுவியே ஆகவேண்டுமாதலால் இது வீண் வேலையன்று.

வெளிப்பட்ட வடிகட்டியின் அடியைக் கவனிக்க. அடியின் நடுவிலோ, தலைப்பகுதியின் உச்சியிலோ ஒரு பெரிய போல்ற்றுத் தலை தெரிந்தால் அது கிண்ண வகை. அதன் உலோகக் கிண்ணம் என்றும் நிலைத்திருக்கும். உள்ளிருக்கும் தாட்சுருளும் றப்பர் வளையமும் மாத்திரம் மாற்றப்படும். போல்ற்று இன்றி, முழுப்பேணியும் மென்மையான தகரத்தாலாகி, அதன்மேல் எழுத்தும் இலக்கமும் அச்சிடப்பட்டிருந்தால் அது திருகு வகை. முழுவதுமே கழற்றி எறியப்படுவது. பழைய பேர்கின்ஸ் எஞ்சின்களிற் கிண்ண வகையும், பின்வந்தவற்றில் திருகு வகையும் காணப்படும். பழையதன் தலையை மாற்றித் திருகு வகைக்குரிய தலையைச் சிலர் பொருத்தியுமுள்ளனர். ஆகவே இயந்திரத்தின் வயதை மாத்திரங்கொண்டு வகையைத் தீர்மானித்தல் கூடாது. நேரிற் பார்த்தே அறிதல் வேண்டும்.

சரியானதை வாங்குதல்

உதிரிப்பாகக் கடைக்குச் சென்று, “முப்பத்தைந்துக்கு ஒயில் பில்ரர்” என்று மாத்திரம் கேட்டல் போதாது. 1956ஆம் ஆண்டில் பேர்குசன் 35 என்ற பெயருடன் வெளிவந்து, பின்னர் மசி பேர்குசன் 35 என வழங்கிய இயந்திரத்தின் முதற் டீசல் வகையில், ஸ்ராண்டட் கம்பனியின் நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. 1959ஆம் ஆண்டின் இறுதியளவில் அதன் இடத்தைப் பேர்கின்ஸ் கம்பனியின் மூன்று சிலிண்டர் எஞ்சின் பெற்றது. வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தோர் போல இருப்பினும், ஒன்றின் வடிகட்டியை மற்றொன்றுக்கு உரியதெனக் கொள்ளல் ஆகாது. 1964ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 135இலும் பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினே டீசல் வகைக்கு இடப்பட்டது. 3.152 என அதற்கு இலக்கமிட்டதன் பொருள், மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம் என்பதாகும்.

மேலும், அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த இயந்திரத்தில் எஞ்சினே மாற்றப்பட்டிருக்கலாம். முன்மூடியின் மேலுள்ள பெயர் எஞ்சினைப் பற்றி உறுதியாக ஒன்றுங் கூறாது. எஞ்சின் உடலிற் பொறிக்கப்பட்ட இலக்கத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டும், கூடுமாயின் பழைய வடிகட்டியையே கையில் எடுத்துக்கொண்டும் கடைக்குச் செல்லல் நன்று. வடிகட்டியைக் கழற்றிவிட்டால் இயந்திரம் அசையாதாகையால், கடை தூரத்திலிருப்பின் முன்கூட்டியே இரண்டு வாங்கி ஒன்றைச் சேமித்து வைப்பது புத்தி.

கிண்ண வகைக்குரிய தாட்சுருளாயின் அதன் உயரம், வெளிவிட்டம், இருமுனைகளிலுமுள்ள துளைகளின் விட்டம் ஆகிய நான்கு அளவுகளும் பழையதுடன் ஒத்திருத்தல் வேண்டும். உயரம் சிறிது குறைந்தாலும் சுருள் முனையில் இறுகாது. எண்ணெய் அதன் ஓரத்தால் வழிந்து வடிபடாமலே செல்லும். பெட்டியினுள் றப்பர் வளையம் உண்டா எனக் கடையிலேயே திறந்து பார்த்துக்கொள்க. சில பெட்டிகளில் இரண்டு மூன்று வளையங்கள் இருக்கும். அவை வெவ்வேறு தலைகளுக்காக இடப்பட்டவை; கழற்றிய வளையத்துடன் ஒப்பிட்டு ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

திருகு வகையில் ஏமாற்றம் இன்னும் எளிது. றப்பர் வளையத்தின் விட்டமும் நடுத்துளையின் புரியும் பொருந்திவிட்டால் அது சரியான வடிகட்டியென்று கொள்வது வழக்கம். ஆனால், முன்னர்க் கூறிய மாற்றுவழி வால்வு சில எஞ்சின்களில் தலைப்பகுதியிலும், வேறு சிலவற்றில் வடிகட்டிப் பேணிக்குள்ளேயும் வைக்கப்பட்டுள்ளது. வால்வு பேணிக்குள் இருக்கவேண்டிய எஞ்சினுக்கு வால்வு இல்லாத பேணியை இட்டால், அது அடைபடும் நாளிற் போதிகைகளுக்கு எண்ணெயே செல்லாது. பேணி சரிந்தோ மேல்நோக்கியோ நிற்கும் எஞ்சின்களில், நிறுத்திய பின் எண்ணெய் பின்னோக்கி வழிந்துவிடாதபடி தடுக்கும் றப்பர் மடலும் உள்ளே வேண்டும். இவற்றை வெளியே பார்த்து அறிதல் அரிது. ஆதலின், தோற்றத்தை நம்பாது, வடிகட்டிக் கம்பனியின் அட்டவணையில் எஞ்சின் இலக்கத்துக்கு நேரேயுள்ள இலக்கத்தையே கேட்டு வாங்குக. புரி பொருந்துகின்றதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு: கையால் மூன்று சுற்று இலகுவாகச் செல்லுதல் வேண்டும். முதற் சுற்றிலேயே இறுகினால் அது வேறு புரி. பலத்தைப் பிரயோகித்தால் தலைப்பகுதியின் புரியும் அழிந்துவிடும்.

பழைய தாட்சுருளைப் பெற்றோலிற் கழுவி மீண்டும் இடுதல் சிக்கனமன்று. கழுவுவதால் மேலேயுள்ள அழுக்கு அகன்றாலும் தாளின் நுண்டுளைகளில் நுழைந்த கரி அகலாது. நனைந்து காய்ந்த தாள் வெடித்து, அதன் நார்களே எண்ணெய் வழிகளை அடைத்துவிடவுங்கூடும்.

எண்ணெயை வடித்தல்

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, பத்து நிமிட நேரம் ஓடவிட்டுப் பின் நிறுத்துக. சூடேறிய எண்ணெய் இளகி, அடியிற் படிந்த அழுக்கையும் கலக்கிக்கொண்டு வெளியேறும். கைத்தடுப்பை இறுக்கிச் சில்லுகளுக்கு முட்டுக்கட்டை வைக்க. கலப்பையோ வேறு கருவியோ உயர்த்தப்பட்டிருப்பின் அதனை நிலத்தில் இறக்கிவிடல் வேண்டும். இரண்டு கலன் கொள்ளும் அகன்ற பாத்திரமொன்றை அடித்தொட்டிக்குக் கீழ் வைத்து, வடிப்புத் திருகாணியைக் கழற்றுக. கடைசிப் புரி கழலும்போது எண்ணெய் பாய்ந்து கையைச் சுடுமாதலால் கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

வடியும் எண்ணெயைப் பார்ப்பதற்கும் சில நிமிடங்களைச் செலவிடுக. டீசல் எஞ்சினில் எண்ணெய் கருமையாக இருத்தல் இயல்பேயாம், அதற்காக அஞ்சவேண்டியதில்லை. பால் கலந்ததுபோல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துள்ளது. நீர்போல் இளகி டீசல் மணம் வீசினால், டீசலைத் தூக்கும் சிறு பம்பியின் மென்றகடு கிழிந்து டீசல் எஞ்சினுள் இறங்குகின்றதெனச் சந்தேகிக்கலாம். இவ்விரு நிலைகளிலும் அளவுகோலில் எண்ணெய் குறையாது நிற்கும், அன்றிக் கூடியுமிருக்கும். “என் எஞ்சின் ஒயில் குடிப்பதில்லை” என மகிழ்வோர் சிலருடைய மகிழ்ச்சிக்குக் காரணம் இதுவாயிருத்தல் கூடும்.

எண்ணெய் சொட்டாகும்வரை வடியவிட்டபின், திருகாணியின் செப்பு வாசரைப் பார்த்து, நசுங்கியிருந்தால் புதிதிட்டு, இறுக்கிவிடுக. இதனை அப்பொழுதே செய்தல் வேண்டும். பின்னர் செய்யலாமென விட்டு, புது எண்ணெயை ஊற்றி நிலத்துக்கு இரையாக்கியோர் பலர்.

கிண்ண வகையை மாற்றுதல்

வடிகட்டியின் கீழே வேறொரு தட்டை வைக்க. ஒரு கையாற் கிண்ணத்தைத் தாங்கிக்கொண்டு மறுகையால் நடுப்போல்ற்றைத் தளர்த்துக. கிண்ணத்தினுள்ளே இன்னும் எண்ணெய் நிறைந்திருக்கும். அதன் பாரம் திடீரெனக் கையில் இறங்கும். கிண்ணத்தை நேராகக் கீழிறக்கி எடுத்து, அதனுள் உள்ளவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சுத்தமான தாளின்மேல் எடுத்த வரிசையிலேயே வைத்தல் வேண்டும். தாட்சுருளின் கீழ் ஒரு சுருள்வில்லும், அதன்மேல் ஒரு தட்டும், வாசரும் இருக்கும். இவற்றின் ஒழுங்கு மாறினால் சுருள் தலைப்பகுதியுடன் அழுந்தி நில்லாது. சில வேளைகளில் வாசர் பழைய சுருளின் அடியில் ஒட்டிக்கொண்டு அதனுடன் குப்பைக்குச் சென்றுவிடுவதுண்டு, எறியுமுன் பார்த்துக்கொள்க.

இனி வருவது இவ்வேலையில் மிக முக்கியமான பகுதியாகும். கிண்ணத்தின் விளிம்பு அமரும் பள்ளம் ஒன்று தலைப்பகுதியில் வட்டமாக ஓடுகின்றது. அதனுள்ளே பழைய றப்பர் வளையம் இருக்கின்றது. நெடுநாட் சூட்டினால் அது கறுத்து, தட்டையாகி, உலோகத்தின் நிறத்தையே பெற்று, வளையமென்று தோன்றாதபடி இறுகியிருக்கும். மேல்நோக்கிப் பார்க்கவேண்டிய இடமாதலால் கண்ணுக்கும் எளிதில் அகப்படாது. பள்ளம் வெறுமையாயுள்ளதென எண்ணி, பழைய வளையத்தின் மேலேயே புதியதை வைத்து இறுக்கிவிட்டால், எஞ்சின் மெதுவாக ஓடும்வரை ஒரு துளியும் ஒழுகாது. வயலில் இறங்கி எஞ்சின் வேகங்கொண்டு அமுக்கம் உயர்ந்ததும், இரட்டை வளையம் நழுவி, அடித்தொட்டியிலுள்ள எண்ணெய் முழுவதையும் பம்பி சில நிமிடங்களுக்குள் வெளியே இறைத்துவிடும். ஓட்டுபவர் சேற்றையும் உழவுசாலையும் நோக்கிக்கொண்டிருக்கும் அந்நேரத்தில் அமுக்கமானியைப் பார்ப்பவர் யார்?

ஆகவே, பள்ளத்தை விரல்நுனியாலும், பின்னர் கூரான மூங்கிற் குச்சியாலும் முழு வட்டத்திலும் தடவிப் பார்த்தல் வேண்டும். குச்சி அழுந்தினால் றப்பர் உண்டு, உலோகமாயின் அழுந்தாது. வளையத்தைக் குச்சியால் நெம்பி எடுக்க. திருப்புளி முனையால் நெம்பினால் பள்ளத்திற் கீறல் விழுந்து, பின் எந்த வளையமும் அதனை அடைக்காது. எடுத்த வளையம் முழுமையான ஒரே வட்டமாக உள்ளதா எனவும் பார்க்க. துண்டுகளாக வந்தால், துண்டுகளைச் சேர்த்து வட்டம் நிறைகின்றதா எனப் பார்த்த பின்னரே அடுத்த வேலைக்குச் செல்லலாம். பழைய வளையம் கையில் வராதவரை புதியதைப் பெட்டியிலிருந்து எடாதிருப்பது நல்ல வழக்கம்.

கிண்ணத்தையும் போல்ற்றையும் மண்ணெண்ணெயிற் கழுவி, நூல் பறியாத பழைய பருத்தித் துணியாற் துடைக்க. பஞ்சுக் கழிவைப் பயன்படுத்துதல் கூடாது. அதன் இழைகள் உள்ளே தங்கும். புதிய வளையத்திற் சிறிது சுத்தமான எண்ணெய் பூசி, முறுக்கின்றிப் பள்ளத்தில் அமர்த்துக. சுருள்வில், தட்டு, வாசர், புதிய தாட்சுருள் ஆகியவற்றை வரிசைப்படி கிண்ணத்திலிட்டு, அரைப்பங்குக்குப் புது எண்ணெய் ஊற்றி, நேராக உயர்த்திப் போல்ற்றைக் கையாற் பிடிக்கவிடுக. கிண்ண விளிம்பு வளையத்தில் வட்டமாகச் சரியாக அமர்ந்துள்ளதா என, இறுக்குமுன் கிண்ணத்தைச் சிறிது சுழற்றிப் பார்த்தல் வேண்டும். போல்ற்றை ஸ்பனரால் உறுதியாக இறுக்குவது போதும். நீண்ட குழாயை ஸ்பனருடன் சேர்த்து இழுத்தால் கிண்ணத்தின் அடி குழிந்து, வளையமும் வெட்டுண்ணும்.

திருகு வகையை மாற்றுதல்

இதில் வேலை குறைவு. பேணியைக் கையாற் பிடித்து இடப்புறமாகத் திருகிக் கழற்றுக. கைக்குக் கழலாவிடின் பழைய சைக்கிள் ரியூப்பின் துண்டொன்றை இறுகச் சுற்றிப் பிடித்துத் திருகலாம்; அதற்கெனப் பட்டிச்சாவிகளும் விற்கப்படுகின்றன. பேணியின் குறுக்கே திருப்புளியை அடித்து ஏற்றித் திருப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. இறுகிப்போன பேணியின் தகரம் அவ்வாறு திருப்பும்போது கிழிந்து, அடித்தட்டு மாத்திரம் தலைப்பகுதியில் ஒட்டி நின்றுவிடும். வேறு வழியற்ற இடத்தன்றி அதனைச் செய்தல் கூடாது.

இங்கும் பழைய றப்பர் வளையம் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு நிற்றல் கூடும். கழற்றிய பேணியைத் திருப்பிப் பார்த்து, வளையம் அதன் முகத்தில் உள்ளதெனக் கண்ட பின்னரே புதியதை எடுக்க. புதிய வளையத்தில் எண்ணெய் பூசி, பேணி நேராகத் தொங்குவதாயின் அதனுட் சிறிது எண்ணெயும் ஊற்றி, வளையம் தலையைத் தொடும்வரை திருகி, அதன்பின் அரைச் சுற்றுமுதல் முக்காற் சுற்றுவரை கையால் மாத்திரம் இறுக்குக. பேணியின்மேல் வேறு அளவு அச்சிடப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றுக.

எண்ணெய் ஊற்றி மீண்டும் இயக்குதல்

மேற்கூறிய பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஏறத்தாழ 12 பைந்து, அதாவது 7 லீற்றருக்குச் சற்றுக் குறைவான எண்ணெய் வேண்டும். எனினும் இறுதித் தீர்ப்பு அளவுகோலுக்கே உரியது. மேற்கோட்டைத் தாண்டி ஊற்றினால் எண்ணெய் நுரைத்து, அமுக்கங் குன்றும். எமது வெப்பநிலைக்கு எஸ்.ஏ.ஈ. 30 எனும் தடிப்புடைய டீசல் எஞ்சின் எண்ணெயே இவ்வகை எஞ்சின்களுக்கு நெடுங்காலமாக வழங்கியது. இப்பொழுது 15டபிள்யூ-40 பரவலாகப் பயன்படுகின்றது. எதனை ஊற்றினாலும் மூடி முத்திரை உடையாத கலனையே வாங்குக.

எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தபடி, டீசல் செல்லாத நிலையில், ஸ்ராட்டரைப் பத்துச் செக்கனுக்கு மேற்படாது சுழற்றுக. சற்று இடைவிட்டு, அமுக்கமானியின் முள் அசையும்வரை இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்க. எண்ணெய் போதிகைகளை அடைந்தபின் எஞ்சினைக் கிளப்புவதனால் முதற் சில செக்கன்களின் தேய்மானம் தவிர்க்கப்படும். கிளம்பியதும் மெதுவாகவே ஓடவிட்டு முள்ளைக் கவனித்தல் வேண்டும். பத்துப் பதினைந்து செக்கனுக்குள் முள் உயராவிடின் உடனே நிறுத்துக. உயர்ந்தால், ஒருவரை இருக்கையில் இருத்தி, மற்றொருவர் கீழே குனிந்து வடிகட்டியைச் சுற்றி ஒழுக்குண்டா எனப் பார்த்தல் நன்று. மெதுவாக ஓடும்பொழுது மாத்திரமன்றி, சிறிது நேரங் கழித்து வேகத்தைக் கூட்டியும் பார்க்க. வளையக் குறைபாடு வேகத்திலேயே வெளிப்படும். எஞ்சின் சூடேறி முழுவேகத்தில் ஓடும்போது இவ்வெஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 இறாத்தல் வரை அமுக்கம் காட்டுதல் வேண்டும். அமுக்கமானி பழுதுற்றிருப்பின், வடிகட்டிக்கு முன் அதனைத் திருத்துவதே முதல் வேலையாகும்.

நிறுத்திச் சில நிமிடம் சென்றபின் அளவுகோலை மீண்டும் பார்க்க. வடிகட்டி தன்னளவுக்கு எண்ணெயை எடுத்திருக்குமாதலால் மட்டம் தாழ்ந்திருக்கும், குறைந்ததை நிரப்புக.

பழைய தாளைப் படித்தல்

கழற்றிய தாட்சுருளை உடனே எறிந்துவிடாது, கத்தியால் வெட்டித் தாளை மாத்திரம் விரித்து வெயிலிற் பார்த்தல் வேண்டும். எஞ்சினைத் திறவாமலே அதன் உட்புறத்தைப் பார்ப்பதற்கு இதனினும் மலிவான வழியில்லை. மென்மையான கருஞ்சேறு மாத்திரம் இருந்தால் கவலையில்லை. மினுங்கும் துகள்கள் காணப்பட்டால் ஒரு காந்தத் துண்டை அருகிற் கொண்டுசெல்க. காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. வளையங்கள், சிலிண்டர், பல்லிணைகள் ஆகியவற்றிலிருந்து வந்திருக்கலாம். ஒட்டாது வெண்மையாக மினுங்குவனவும், செம்பு நிறமானவையும் போதிகைகளிலிருந்து வருவன. செம்பு நிறத் துகள் மிகுதியாயின் போதிகையின் மேற்படை தேய்ந்து உட்படை வெளிப்பட்டுள்ளது என்பது பொருள். இந்நிலையில் விதைப்பு முடியும்வரை ஓட்டிப் பார்ப்போம் என்பது துணிவன்று. போதிகையை மாத்திரம் மாற்றித் தண்டைக் காப்பாற்ற அப்பொழுது இன்னும் வாய்ப்புண்டு. பிடித்து நின்றபின் அவ்வாய்ப்பில்லை.

மாற்றும் காலம்

கைந்நூல் இருப்பின் அதிற் கூறிய மணித்தியாலக் கணக்கே விதி. இல்லையாயின், பழைய டீசல் எஞ்சின்களுக்கு 100 முதல் 125 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணெயையும் வடிகட்டியையும் சேர்த்தே மாற்றுவது தக்கது. மணித்தியாலமானி ஓடாத இயந்திரங்களே பெரும்பாலானவையாதலால், வேலை செய்த நாட்களை ஒரு கொப்பியிற் குறித்து, நாளொன்றுக்கு ஓடிய மணித்தியாலத்தைச் சேர்த்துக் கணக்கிடலாம். புழுதி உழவும் சூடடிப்பும் மிகுந்த ஆண்டில் இன்னும் முந்துதல் வேண்டும்.

போகத்துக்கு முன் மாற்றுவதா, பின் மாற்றுவதா என்ற கேள்வி எழும். பலர் விதைப்புக்கு முதல்நாள் மாற்றுகின்றனர். அறுவடை வேலை முடிந்து இயந்திரத்தைக் கொட்டிலில் விடும்போது மாற்றுவதே சிறந்தது. வேலைசெய்த எண்ணெயில் டீசல் எரிந்ததாலுண்டான அமிலமும் ஈரமும் கலந்துள்ளன. மாதக்கணக்கில் அது போதிகைகளின்மேற் கிடந்தால் அரிப்பு உண்டாகும். அன்றியும், அவசரமில்லாத நாளிற் செய்யும் வேலையிலேயே பழைய வளையம் தேடப்படுகின்றது. மாற்றிய திகதியைச் சிறு தகரத்தில் எழுதி வடிகட்டியின் அருகே கம்பியாற் கட்டிவைத்தால், இயந்திரம் கைமாறினாலும் செய்தி கைமாறாது நிற்கும்.

நீரிறைக்கும் சிறு எஞ்சின்கள்

வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செய்வோர் பயன்படுத்தும், காற்றாற் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் நீர்ப்பம்பி எஞ்சின்களிற் பெரும்பாலானவற்றுக்கு எண்ணெய் வடிகட்டியே கிடையாது. தேடி மனஞ்சலிக்க வேண்டாம். வடிகட்டி இன்மையால் அழுக்கு முழுவதும் எண்ணெயிலேயே தங்குகின்றது. ஆதலின் எண்ணெயை அடிக்கடி மாற்றுவதே அவற்றுக்கு ஒரே காப்பு. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினாயின் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எண்ணெயை இளக்குவதால் இன்னும் முந்தி மாற்றுதல் வேண்டும். இருசக்கர உழவு இயந்திரங்களின் டீசல் எஞ்சின்கள் சிலவற்றில் தாளுக்குப் பதிலாகக் கம்பிவலை வடி மாத்திரம் உண்டு. அதனை எறியாது, மண்ணெண்ணெயிற் கழுவி, வலை கிழியவில்லையெனக் கண்டு, மீண்டும் பொருத்துக.

கழிவெண்ணெய்

வடித்தெடுத்த எண்ணெயை வாய்க்காலிலோ வரம்போரத்திலோ ஊற்றுதல் ஆகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியே கீழிறங்கிக் கிணற்றையே சென்றடைகின்றது. அக்கிணற்று நீரையே தோட்டமும் வீடும் குடிக்கின்றன. பழகிய எண்ணெய் தோலுக்கும் கேடு. நெடுநாட் படுவதனாற் புற்றுநோய் உண்டாகக்கூடுமாதலால், வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரத்தால் நன்கு கழுவுதல் வேண்டும். பழைய திருகு வடிகட்டியின் உச்சியில் ஆணியால் ஒரு துளையிட்டு, பாத்திரத்தின்மேல் ஓரிரவு கவிழ்த்து வைத்தால் உள்ளே தங்கிய எண்ணெயும் வடிந்துவிடும். அதனையும் வடித்த எண்ணெயுடன் சேர்த்து மூடியுள்ள கலனில் அடைத்து, கழிவெண்ணெய் சேர்க்கும் கராச்சு ஒன்றிற் கொடுத்துவிடுக. அக்கலனிற் பின்னர் குடிநீரோ விதைநெல்லோ இடப்படாதபடி அதன்மேற் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.